படுவான்கரைக் கிறவல் வழிகளில் சைக்கிள்: புதிதாக இறங்குவோருக்கு

மட்டக்களப்பில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில் போய் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் "வாகனத் தொல்லை இல்லாமல் ஒரு காலைப்பொழுது முழுக்க ஓட வேணும், எங்கே போகலாம்?" என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடற்கரையை ஒட்டிய பிரதான வீதிக்குக் காபட் போட்ட பிறகு பஸ்ஸும் லொறியும் பறக்கின்றன. அதன் ஓரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓட எனக்கும் மனம் வருவதில்லை. அப்படிக் கேட்பவர்களை நான் வாவிக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறேன்.

எங்கள் வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை என்று பார்த்து வைத்த பெயர்கள். சனமும் கடைத்தெருவும் எழுவானில் நெருங்கிக் கிடக்க, படுவானில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே சிவப்புக் கிறவல் (சரளை மண்) றோட்டுகளும், குளக்கட்டுகளும், வாய்க்கால் ஓரத் தடங்களும் கிளை கிளையாகப் பிரிந்து போகின்றன. சில இடங்களில் ஒரு மணி நேரம் ஓடினாலும் எதிரே வருவது ஒரு பட்டி மாடும் அதன் பின்னால் ஒரு பொடியனும்தான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த றோட்டுகள் வேலைக்காகப் போட்டவை. நெல்லு ஏற்றவும், பசளை கொண்டுபோகவும், மாடு சாய்க்கவும், ஆற்றுமண் அள்ளவும் போட்டவை. ஆகவே ஒரே றோட்டு ஆனி மாதத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். மாசியில் உழவு இயந்திரமும் வெட்டு மெசினுமாக நிறையும். கார்த்திகையில் தண்ணீருக்குள் போய்விடும். வரைபடத்தில் "வாகனம் இல்லாத வழி" என்று ஒரு கோட்டைக் காட்டி நான் உறுதி சொல்ல முடியாது. எந்த மாதம், எந்த நேரம் என்று சேர்த்தால்தான் சொல்ல முடியும். எனவே இந்தக் கட்டுரையின் வரிசை இப்படி: முதலில் காலம், பிறகு வழி, அதற்குப் பிறகுதான் சைக்கிள்.

காலத்தைத் தெரிதல்

வடகீழ்ப் பருவமழை எங்களுக்குக் கார்த்திகையில் வலுத்துத் தை வரைக்கும் இழுக்கும். அந்த மூன்று மாதமும் படுவான்கரைக் கிறவலை மறந்துவிடுங்கள். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குப் போகும் வழி ஏறக்குறைய ஒவ்வொரு மாரியிலும் வெள்ளத்தில் மூழ்கி, சனம் தோணியில் போய்வரும். வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கத்துத் தாழ்வான றோட்டுகளின் கதையும் அதுதான். முழங்காலளவு தண்ணீர்தானே என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம். ஓடும் தண்ணீருக்குக் கீழே றோட்டு அரித்துப்போய் இருப்பது மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

மாசி, பங்குனி பெரும்போக அறுவடைக் காலம். பார்க்க மிக அழகான காலம். வயல் பொன்னாக இருக்கும், காலைக் குளிர் இன்னும் விட்டிருக்காது. ஆனால் றோட்டு உங்களுடையது இல்லை. உழவு இயந்திரப் பெட்டிகள் மூட்டைகளோடு வந்துகொண்டே இருக்கும். போதாததற்குப் பல இடங்களில் றோட்டிலேயே நெல்லுக் காயப் போட்டிருப்பார்கள். இந்தக் காலத்தில் போனால் வாவிக்கரை ஊர்களோடு நின்றுகொள்ளுங்கள்.

புதியவருக்கு நான் சொல்வது வைகாசி முதல் புரட்டாசி வரை. மானாவாரி வயல்கள் வெறுமையாகக் கிடக்கும், கிறவல் இறுகியிருக்கும், குளங்களில் தண்ணீர் இறங்கிக் கரை வெளித்திருக்கும். குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்யும் பக்கங்களில் மட்டும் ஆடி கடைசியிலும் ஆவணியிலும் மறுபடி மெசின்கள் ஓடும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும் நாட்களில் ஊர் றோட்டுகளில் இரவு பகலாகச் சனம் இருக்கும். அன்றைக்கு ஓட்டத்தை விட்டுவிட்டுச் சடங்கைப் பாருங்கள்.

நாளைக்குள் எந்த நேரம் என்பதற்கும் கணக்கு உண்டு. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். அதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் ஊர் றோட்டு முழுக்க வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளின் சைக்கிள்கள். சனி, ஞாயிறில் இந்தக் கவலை இல்லை. மண் ஏற்றும் டிப்பர்கள் வேலை நாட்களில்தான் கூட ஓடும் என்பதால், முதல் ஓட்டத்துக்கு ஞாயிறு காலையே நல்லது.

காற்று

எங்கள் பக்கத்தில் மலை ஏற்றம் என்று ஒன்று கிடையாது. வாவிக்கரையிலிருந்து குளங்கள் வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் நிலம் உயர்கிறது. ஆகவே கியர் இல்லாத சைக்கிளே போதும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓர் ஆடி மாதப் பகல், பத்து மணி கழிந்து மண்முனைப் பாலத்தைக் கடந்து மேற்கே திரும்பினேன். கச்சான் காற்று நேரே முகத்தில் அடித்தது. அடுப்பு வாசலில் நிற்கிற மாதிரிச் சூடு. பத்துக் கிலோமீற்றர் போக ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. கொண்டுபோன ஒரு போத்தல் தண்ணீர் பாதி வழியில் முடிந்தது. ஒரு வயல்வாடியில் இருந்த ஐயா ஒருவர் கூப்பிட்டு நிழலில் இருத்தி, பானைத் தண்ணீர் தந்து, "வெள்ளாப்பில (விடியற்காலையில்) வந்திருந்தா இந்தப் பாடு இல்ல தம்பி" என்றார். அந்த ஒரு வசனத்திலிருந்துதான் நான் கற்க ஆரம்பித்தேன்.

தென்மேல் பருவக் காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, அந்தப் பக்கச் சரிவால் வறண்டு சூடாகி எங்களிடம் இறங்குகிறது. அதுதான் கச்சான். (நிலக்கடலையையும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம், ஓட்டத்துக்கு அதுவும் வேணும், பின்னால் வருகிறேன்.) விடியற்காலையில் இந்தக் காற்று அடங்கிக் கிடக்கும். வெயில் ஏற ஏற வலுக்கும். எனவே விடிந்ததும் மேற்கே புறப்படுங்கள்: காற்று இருக்காது, சூரியன் முதுகில் இருக்கும், கண் கூசாது. ஒன்பதரை, பத்துக்கு முகத்தைக் கிழக்கே திருப்புங்கள். எழும்பி வரும் கச்சான் உங்களைப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். களைத்த காலுக்கு அதைவிட உதவி இல்லை. பகல் பதினொன்றுக்குள் வாவிக்கரைக்கு வந்துவிட வேண்டும் என்று மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வழியைக் கண்டுபிடித்தல்

கைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து படுவான்கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுத்த சாம்பல் நிறக் கோடு தார் அல்லது காபட். வெளிறிய நேர்கோடு ஊருக்குள் கொங்கிறீற்று. செங்கல் நிறத்தில் தெரிவது கிறவல். நீங்கள் தேடுவது அதைத்தான். வெள்ளை வெளேரென்று வளைந்து போனால் மணல், சைக்கிளைத் தள்ள வேண்டி வரும். குளத்தின் ஒரு பக்கம் மட்டும் நேராகவோ வில்லாகவோ இருந்தால் அது கட்டு. பெரும்பாலான கட்டுகளின் மேல் ஒரு தடம் இருக்கும்.

படம் எடுத்த காலத்தை மறக்க வேண்டாம். வறண்ட மாதத்தில் எடுத்த படத்தில் ஓடை றோட்டு மாதிரித் தெரியும். திறந்த தெருப்படத்தை (OpenStreetMap) கொண்டு இயங்கும் செயலிகளில் வயல் வழிகளைப் புள்ளிக் கோடாகப் போட்டிருப்பார்கள். அவற்றை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். குளங்களுக்கு அப்பால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். கடதாசி விரும்புபவர்களுக்கு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாள்கள் இன்றைக்கும் உதவும். குளத்துப் பெயர்கள் அவற்றில் நன்றாக இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு, அந்த இடத்தில் நின்று கேளுங்கள். இதைச் செய்யாதவர்தான் வழியில் மாட்டுகிறார். ஊர் முனைக் கடையில் பிளேன்ரீ ஒன்று குடித்துக்கொண்டு, "அண்ண, இந்தக் கட்டால போனா அங்கால ஏறலாமா?" என்று கேட்டால் படத்தில் இல்லாததெல்லாம் வரும்: எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எங்கே டிப்பர் ஓடுகிறது, ராத்திரி யானை எந்தப் பக்கம் இறங்கியது. கேட்கும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். எங்கள் ஊரில் "பாதை" என்றால் வாவியைக் கடக்கும் மிதவையையும் குறிக்கும். "பாதையால போங்க" என்று ஒருவர் சொன்னால் நடைவழியைத் தேடி அலையாதீர்கள், துறைக்குப் போங்கள்.

சைக்கிளைத் தயார்செய்தல்

கிறவல் ஓட்டத்துக்கென்று வெளிநாட்டில் தனிச் சைக்கிள் விற்கிறார்கள். வளைந்த ஹேண்டில், அகலமான ரயர், நல்ல பிரேக். இருந்தால் சந்தோசம். இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். வீட்டில் நிற்கும் லுமாலாவிலும், 26 அங்குல மவுண்டன் சைக்கிளிலும் இந்த வழிகள் அத்தனையும் ஓடலாம். படுவான்கரைச் சனம் தலைமுறையாக ஓடுவது அவற்றில்தானே.

பார்க்க வேண்டியது ரயரை. 26 அங்குலச் சில்லில் 1.95 அல்லது 2.10 அகல ரயர் கிறவலுக்குப் பொருத்தம். பட்டன் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மாற்றுங்கள். காற்றை றோட்டில் ஓடுகிற மாதிரிக் கல்லாக அடிக்க வேண்டாம். 65, 70 கிலோ ஆளுக்கு அந்த அகலத்தில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. போதும். சில்லு துள்ளாமல் நிலத்தைப் பிடிக்கும், இடுப்பும் தப்பும். அதற்காக நன்றாகக் குறைத்துவிட்டால் கல்லில் ஏறும்போது றிம் ரியூப்பை நசுக்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை விழும், பாம்பு கடித்த மாதிரி. அப்படி ஒரு பஞ்சர் கண்டால் காரணம் முள் இல்லை, காற்றுக் குறைவு. பழைய 28 அங்குலச் சைக்கிளில் ரயர் ஒடுங்கியது, ஆகவே அதிகம் குறைக்க முடியாது. பெருவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்கும் அளவில் விடுங்கள். அதன் வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர்க் குழாய் வெயிலுக்கு இளகிப் பிய்ந்துபோகும் சாமான். அதில் ஒரு துண்டு பையில் இருக்கட்டும்.

பிரேக் கட்டைகளைப் பாருங்கள். செயினுக்கு எண்ணெய் விட்டு மேலே துடைத்துவிடுங்கள்; வழிய விட்டால் கிறவல் தூசி ஒட்டி அரைக்கும். மழை பெய்த மறுநாள் வயல் வழியில் இறங்கினால் களிமண் மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவே அடைந்து சில்லைச் சுற்ற விடாது. அப்படிப்பட்ட நாளில் மட்காட்டைக் கழற்றுவதைவிடப் போகாமல் இருப்பதே மேல்.

பையில் போட வேண்டியவை

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். கச்சான் காலத்தில் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) பைக்கற் இரண்டு வையுங்கள். ஒன்று ஒரு லீற்றர் தண்ணீருக்கு. வறுத்த கச்சான், வாழைப்பழம். மாற்று ரியூப் ஒன்று, ஒட்டுத் துண்டும் சொலூசனும், ரயர் கழற்றும் நெம்பு, பம். காயத்துக்குச் சுத்தத் துணியும் மருந்தும். முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது தலைக்கவசம், அடையாள அட்டை, சில்லறைக் காசு.

1990 என்ற இலக்கம் கைபேசியில் இருக்கட்டும். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் அதில்தான் வரும். கூப்பிடும்போது "கிறவல் றோட்டில் நிற்கிறேன்" என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கடந்து வந்த கடைசிக் கோயில், பள்ளிக்கூடம், குளம் ஆகியவற்றின் பெயரை ஓடும்போதே மனதில் பிடித்துக்கொண்டு போங்கள்.

முதல் ஓட்டம்: மண்முனை, கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை

புதியவர் எவரையும் நான் முதலில் கூட்டிப்போவது இந்த வட்டத்தில்தான். உள்வழிகளில் எவ்வளவு சுற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து 25 முதல் 35 கிலோமீற்றர் வரும். நாலு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

நகரத்திலிருந்து வருபவர்கள் கல்லடியில் புதுப் பாலத்தை விட்டு, 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தால் வாருங்கள். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு பழையதில் நெரிசல் இல்லை. காத்தான்குடியையும் ஆரையம்பதியையும் விடிய முன்னர் தாண்டிவிட்டால் பிரதான வீதியும் ஓரளவு அமைதியாக இருக்கும். ஆரையம்பதிக்குத் தெற்கே மேற்காகத் திரும்பினால் மண்முனைப் பாலம். 2014 வரைக்கும் இங்கே பாலம் இல்லை. மிதவைப் பாதையில் ஏறித்தான் சனம் அக்கரைக்குப் போய்வந்தது. அது கடைசி முறை போய்விட்டால் இக்கரையிலேயே இரவு. இன்று அதே தண்ணீரை ஒரு நிமிடத்தில் கடக்கலாம், ஆனால் கடக்காதீர்கள், பாலத்தின் நடுவில் ஓரமாக நில்லுங்கள். பின்னால் சூரியன் எழும்பும், முன்னால் தண்ணீர் நிறம் மாறும், கண்ணாக்காட்டு (வாவியோரச் சதுப்பு மரக்காடு) பக்கமிருந்து கொக்குகளும் நீர்க்காகங்களும் கிளம்பும். தோணிக்காரர் வலை இழுத்துக்கொண்டிருப்பார். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நாலரைக்கு எழும்பினோம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

பாலத்துக்கு அப்பால் ஐந்து கிலோமீற்றருக்குள் கொக்கட்டிச்சோலை, தான்தோன்றீச்சரர் கோயில். அதுவரை தார் வீதி. பழகாத காலுக்கு அது நல்லது. கோயில் வாசலில் மரநிழல் உண்டு. சைக்கிளை மதிலில் சாத்தாமல் தள்ளி விடுங்கள். மகிழடித்தீவு, முனைக்காடு, முதலைக்குடா எல்லாம் இந்தச் சுற்றுவட்டத்து ஊர்கள். இவற்றுக்கு நடுவேதான் உங்கள் முதற் கிறவல். வயலுக்குள் இறங்கும் சிவப்பு வழி ஒன்றைத் தெரிந்து, ஒரு கிலோமீற்றர் போய்த் திரும்பி வந்து பழகுங்கள். வாவியோரம் கால் நனைக்க ஆசை வரும். முதலைக்குடா என்ற பெயரிலேயே முதலை இருக்கிறது. எங்கள் வாவியிலும் குளங்களிலும் அது இப்போதும் இருக்கிறது. ஊர்ச்சனம் குளிக்கும் துறை தவிர வேறெங்கும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

தெற்கே அம்பிளாந்துறைக்கு வந்தால் துறையில் பாதை நிற்கும். அக்கரை குருக்கள்மடம். சைக்கிளோடு ஏறலாம். ஆட்கள் சேரும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும், அதுவும் ஓய்வுதான். அன்றைக்கு ஓடுகிறதா என்று முதலில் கடையில் விசாரியுங்கள். வெள்ளமோ பலத்த காற்றோ என்றால் நிற்பாட்டிவிடுவார்கள். குருக்கள்மடத்தில் இறங்கியதும் பிரதான வீதியில் ஏறாமல், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளால் இயன்ற வரை வடக்கே வாருங்கள். மணல் தடுத்தால் மட்டும் வீதிக்கு ஏறி ஓரமாக ஓடுங்கள்.

பிறகு போகக்கூடியவை

இரண்டாவது வட்டம் களுவாஞ்சிக்குடியிலிருந்து. பட்டிருப்புப் பாலத்தால் போரதீவுப் பக்கம் இறங்கி, பழுகாமம் அல்லது வெல்லாவெளியைத் தொட்டு மண்டூர் முருகன் கோயிலுக்குப் போய், மண்டூர்த் துறையில் பாதை ஏறிக் குருமண்வெளியில் இறங்கலாம். தண்டவாளம் மாதிரி நடுவே ஒரு தார் வீதி போகும், இரு பக்கமும் கிறவல் கிளைகள். காலை வெயிலில் தாமரைக் குளங்களைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது, வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போய் ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளம். மட்டக்களப்பு நகரத்துக் குழாயில் வரும் தண்ணீர் இந்தக் குளத்தினுடையது. கட்டில் நின்று பார்க்கும்போது வீட்டில் வீணாகத் திறந்துவிட்ட குழாய் நினைவுக்கு வரும். ஆவணிக் கடைசியிலும் புரட்டாசித் தொடக்கத்திலும் ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்குச் சனம் கால்நடையாகவே போகும். அந்த நாட்களில் ஒதுங்கி வழிவிடுங்கள். இந்த வழி யானைப் பக்கம். இரண்டு மூன்று ஓட்டம் பழகியபின், குறைந்தது மூன்று பேராகப் போங்கள்.

அம்பாறைக்காரருக்கு வேறு வசதி இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்து வாய்க்கால்கள் சம்மாந்துறை, இறக்காமம் பக்கமெல்லாம் வலை மாதிரிப் பரந்து கிடக்கின்றன. வாய்க்கால் ஓரத் தடம் சமதரை, மரநிழல், வழி தவறவும் இடமில்லை, தண்ணீர் போகிற பக்கம் போனால் போதும். பாணமைக்குத் தெற்கே உகந்தமலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். கதிர்காம யாத்திரைக்காரர் ஆடி மாதத்தில் நடந்துபோகும் அந்த வழி மனதைவிட்டுப் போகாது, ஆனால் காடு. புதியவர் அங்கே சைக்கிளில் தனியே போக வேண்டாம். அதற்கு அப்பால் குமண வனத்துக்குள் சைக்கிள் விடவும் மாட்டார்கள்.

கிறவலில் ஓடும் விதம்

ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கையைத் தளர்த்தி விட்டால் சைக்கிள் தன் பாட்டில் ஆடி ஆடி நேராகும். கண் முன் சில்லில் இருக்கக் கூடாது, பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். பார்க்கிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனால் பள்ளத்தில்தான் விழுவோம்.

உழவு இயந்திரத்தின் சில்லுத் தடம் அமுங்கி இறுகியிருக்கும். அதில் ஓடுங்கள். நடுவில் குவிந்திருக்கும் உதிரிக் கல் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் எடுங்கள். முன் பிரேக்கைச் சடுதியாகப் பிடித்தால் உதிரிக் கல்லில் முன் சில்லு சறுக்கி ஆள் விழுவது நிச்சயம். டிப்பர் ஓடிய றோட்டில் குறுக்கே அலை அலையாக மேடு விழுந்திருக்கும், பல்லை ஆட்டும். ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அலை இல்லாமல் இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். மணலில் ஹேண்டிலைத் திருப்பாமல், மிதிப்பதை நிறுத்தாமல் நேரே போங்கள். புதைந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

றோட்டோரம் பசுமையாகப் படர்ந்து மஞ்சட் பூப் பூத்திருந்தால் அது பெரும்பாலும் நெருஞ்சி. அதன் காய் எந்த ரயரையும் துளைக்கும். ஒதுங்கப் போய் அதில் ஏறிவிட்டால் உடனே நின்று, சில்லைச் சுற்றிப் பார்த்து முள்ளைத் தட்டிவிடுங்கள். எல்லா முள்ளும் உடனே துளைப்பதில்லை. சுற்றச் சுற்றத்தான் உள்ளே போகும்.

யானை

இதைப் பயமுறுத்த எழுதவில்லை. படுவான்கரையின் மேற்கு ஓரத்து ஊர்களில் யானையால் உயிரும் பயிரும் போவது நடந்துகொண்டே இருக்கிறது. யானைகளும் சாகின்றன. நாங்கள் பொழுதுபோக்காகப் போகிற இடத்தில் அந்தச் சனம் இரவு முழுக்கக் காவல் இருக்கிறது.

வாவிக்கரை ஊர்களில் விடியும்போதே புறப்படலாம். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் பக்கம் நன்றாக வெளிச்சம் வந்து, ஏழு மணி கழிந்து, ஊரவர் வயலுக்குப் போகத் தொடங்கிய பிறகே நுழையுங்கள். பின்னேரம் நான்குக்குப் பிறகு அங்கே நிற்கவே வேண்டாம். ஈரமான இலத்தி, முறிந்து இன்னும் வாடாத கிளை, நாய்கள் ஒரே பக்கம் பார்த்துக் குரைப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்புங்கள். யானையைக் கண்டால் நின்று, சத்தம் போடாமல் வந்த வழியே போங்கள். சுற்றிக்கொண்டு போகலாம், வேகமாகத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். உதிரிக் கிறவலில் சைக்கிளைவிட யானை வேகம். படம் எடுக்க நிற்கவும் வேண்டாம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகவே கூடாது. மின்வேலிக் கம்பியில் சைக்கிளைச் சாத்தவோ அதற்குள்ளால் நுழையவோ வேண்டாம். நுழைவாயில் திறந்திருந்தால் திறந்தபடியும் பூட்டியிருந்தால் பூட்டியும் விடுங்கள்.

இன்னொரு சொல். மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் யுத்தம் நடந்த மண் இது. சனமும் மாடும் நடமாடும் தடத்தை விட்டுப் பற்றைக்குள் குறுக்கு வழி தேடாதீர்கள். துருப்பிடித்த இரும்புச் சாமான் எதைக் கண்டாலும் தொடாமல், அடுத்த ஊரில் சொல்லுங்கள்.

மற்றவர் வயலில்

நெல்லுக் காயும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சில்லு ஏறினால் நெல்லு உடையும், அது ஒருவரின் ஆறு மாத உழைப்பு. வரம்பில் சைக்கிள் ஓட்டக் கூடாது. மழை பெய்து ஊறிய குளக்கட்டிலும் ஓட வேண்டாம். சில்லுத் தடம் ஆழமாக விழுந்து, அடுத்த மழைக்குத் தண்ணீர் அதால் ஓடி மண்ணை அரிக்கும். குளத்துத் துருசு (மதகு), வான் கதவுகளில் ஏறி விளையாட வேண்டாம். மாட்டுப்பட்டி வந்தால் ஓரத்தில் இறங்கி நில்லுங்கள், மணி அடித்து மிரட்டாதீர்கள். கால் கையில் கீறல் இருந்தால் வயல் தண்ணீரில் கழுவ வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். ஓட்டம் முடிந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், வயல் தண்ணீரில் கால் பட்டதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளோடு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. படுவான்கரையில் பெண்கள் சைக்கிளில் போவது புதினம் இல்லை. புது முகம் கண்டால் "எங்க போறீங்க, ஆர்ர புள்ள?" என்று விசாரிப்பார்கள். அது வேவு பார்ப்பது இல்லை; பதில் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள். திரும்பி வரும்போது நீங்கள் வரவில்லை என்றால் தேடுவதும் அவர்கள்தான். சாப்பாட்டுப் பொருளை நகரத்திலிருந்து கட்டிக்கொண்டு போகாமல் அங்கேயே வாங்குங்கள். இளநீர், சட்டித் தயிர், காலத்தில் வெள்ளரிப்பழம். தயிரைச் சைக்கிளில் கட்டும்போது சட்டிக்கு அடியில் வைக்கோல் வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள், கிறவலில் உடையாமல் வீடு வரும்.

வீட்டுக்கு வந்த பின்

குளித்துச் சாப்பிட முன்னர் பத்து நிமிடம் சைக்கிளோடு இருங்கள். ஈரத் துணியால் செயினையும் றிம்மையும் துடைத்து, ரயரில் விரலோட்டிப் பார்த்து, குத்தியிருக்கும் முள்ளைப் பிடுங்குங்கள். கழன்ற ஆணி ஏதும் உண்டா என்று பாருங்கள். கிறவலின் அதிர்வு எதையும் கழற்றும்.

பிறகு ஒரு கொப்பியை எடுத்துத் திகதி, போன வழி, எந்தக் கட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது, டிப்பரை எங்கே கண்டீர்கள், எந்தக் கடை திறந்திருந்தது, வழி சொன்னவர் எந்த ஊர் என்று நாலு வரி எழுதி வையுங்கள். என்னுடைய கொப்பியில் ஒரே வழிக்கு ஐப்பசியில் எழுதியதும் ஆனியில் எழுதியதும் இரண்டு வேறு ஊர்களைப் பற்றியவை போல இருக்கின்றன. அடுத்த ஞாயிறு எங்கே போவது என்று இப்போது நான் படத்தைத் திறப்பதற்கு முன்னர் பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான்.